அறிவியலுக்கு எல்லை உண்டு என்றால், கடவுள் இருக்கிறார் என்று ஆகிவிடுமா?

கல்லூரி மாணவர் ஒருவரின் கேள்வி இது: "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. போன வாரம் அப்பாவோடு பேச்சு வாதமாகிவிட்டது. 'அறிவியலுக்கு எல்லை உண்டு என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொள்கிறார்கள். எல்லாம் தெரியாத ஒன்றை நம்பிக்கொண்டு, கடவுள் இல்லை என்று நீ எப்படி அடித்துச் சொல்கிறாய்?' என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அப்பா சொல்வது சரிதானா?"

உங்கள் அப்பா சொன்னதில் பாதி சரி. அறிவியலுக்கு எல்லை உண்டு. அதை மறைப்பதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் அந்த எல்லையைக் காட்டி அவர் போய்ச் சேர நினைக்கும் இடத்துக்கு அங்கிருந்து வழி கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்களும் வாதத்தைத் தவறான இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். 'அறிவியல் இருக்கிறது, ஆகவே கடவுள் இல்லை' என்று ஆரம்பித்தால் இந்த முட்டுச்சந்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

நான் முப்பத்து நான்கு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அறிவியல் எல்லாவற்றையும் விளக்கிவிட்டது என்று வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. அது உண்மை இல்லை என்பது பாடம் நடத்துகிறவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் மூன்றாவது 'ஏன்' கேட்கும்போதே கரும்பலகையில் எழுத ஒன்றும் இருக்காது.

ஒரு கதையைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நியூட்டன் 1687-இல் ஈர்ப்பு விதியை வெளியிட்டார். சூரியன் கோள்களை இழுக்கிறது என்பதோடு அந்த விதி நின்றுவிடவில்லை. கோள்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன. வியாழன் மாதிரிப் பெரிய கோள், மற்றவற்றை ஒவ்வொரு சுற்றிலும் இம்மி அளவு தடம் மாற்றும். இம்மிதான். ஆனால் கோடிக்கணக்கான சுற்றுகளில் அது சேர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும்? இந்தக் கவலை நியூட்டனுக்கு இருந்தது. ஒளியியல் பற்றிய தன் நூலின் பிந்தைய பதிப்பில், இந்த ஒழுங்குக் குலைவுகள் கூடிக்கூடி, ஒரு கட்டத்தில் சூரிய மண்டலத்தையே சீர்செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதினார். சீர்செய்கிறவர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. கடவுள்தான்.

இதை முதலில் எதிர்த்தது நாத்திகர் இல்லை. ஆழ்ந்த இறைநம்பிக்கை கொண்ட ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ்தான் 1715-இல் எதிர்த்தார். கடிகாரம் செய்தவன் அதை அவ்வப்போது திறந்து பழுதுபார்க்க வேண்டியிருந்தால் அவன் என்ன கைவினைஞன் என்பது அவர் வாதத்தின் சாரம். தெரியாத இடத்தில் கடவுளைக் கொண்டுபோய் நிறுத்துவது கடவுளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று பக்திமான்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கவலை வெறும் கற்பனையும் இல்லை. பழைய காலத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது வியாழன் வேகம் கூடிக்கொண்டே வருவதும், சனி மெதுவாகிக்கொண்டே போவதும் தெரிந்தது. அப்படியே போனால் வியாழன் சூரியனை நெருங்கும். சனி விலகிப் போய்விடும். எண்பது வருடத்துக்கு மேல் யாராலும் இதை அவிழ்க்க முடியவில்லை. 1785-இல் பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் அவிழ்த்தார். கணக்கு எளிமையானது, நீங்களே போட்டுப் பார்க்கலாம். வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டு, சனிக்கு 29.46 ஆண்டு. (குருப்பெயர்ச்சி வருடத்துக்கு ஒருமுறை, சனிப்பெயர்ச்சி இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை என்று நம் வீடுகளில் பேசுவதும் இதே சுற்றுகளைப் பன்னிரண்டாகப் பிரித்த கணக்குதான்.) வியாழனின் ஐந்து சுற்று 59.3 ஆண்டு. சனியின் இரண்டு சுற்று 58.9 ஆண்டு. கிட்டத்தட்டச் சமம். ஆகவே இரண்டும் ஏறக்குறைய அதே இடங்களில் திரும்பத் திரும்பச் சந்திக்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல இழுப்பு சேர்கிறது. ஆனால் முழுக்கச் சமம் இல்லாததால் சந்திக்கும் இடம் மெல்ல நகர்கிறது. நகர்ந்து நகர்ந்து, ஒரு கட்டத்தில் இழுப்பு எதிர்ப்பக்கம் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. வேகமெடுத்தது தளரும், தளர்ந்தது வேகமெடுக்கும். ஒரு முழு அலைவுக்குச் சுமார் 900 ஆண்டு.

நியூட்டன் கடவுளை நிறுத்திய இடம் இப்படிக் காலியானது. 'உங்கள் நூலில் கடவுளைக் காணோமே' என்று நெப்போலியன் கேட்டதாகவும், 'அந்தக் கருதுகோள் எனக்குத் தேவைப்படவில்லை' என்று லாப்லாஸ் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. மேடைகளில் நாத்திகர்கள் இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். இளவயதில் நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம்.

ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் அறுபதாம் பிறந்தநாளை ஒட்டி 1889-இல் ஒரு கணிதப் போட்டியின் முடிவை அறிவித்தார்கள். ஒன்றையொன்று ஈர்க்கும் பல பொருள்கள் காலப்போக்கில் எங்கே போகும் என்பது போட்டியில் கேட்ட கேள்விகளில் ஒன்று. பரிசு 2500 குரோனா. பிரான்சின் ஆன்ரி புவான்கரே ஜெயித்தார். கட்டுரை அச்சாகிக்கொண்டிருந்தபோது, பிழைதிருத்திய இளம் கணிதர் ஒருவர் சில இடங்கள் புரியவில்லை என்று கேட்டு எழுதினார். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்த புவான்கரே, அடித்தளத்திலேயே பிழை செய்திருப்பதைக் கண்டுபிடித்தார். அச்சடித்த பிரதிகளைத் திரும்பப் பெற்றார்கள். திருத்திய கட்டுரையை அச்சிட ஆன செலவு 3585 குரோனா. வாங்கிய பரிசைவிட அதிகம். அதை அவரே கட்டினார். அந்தத் திருத்தத்தில்தான் இன்று கேயாஸ் என்று சொல்கிறோமே, அது முதன்முதலாகத் தலைகாட்டியது. விதி துல்லியமாகத் தெரிந்தாலும், தொடக்கத்தில் இருக்கும் துளி வித்தியாசம் பின்னால் மலையாகிவிடும். ஆகவே நெடுங்காலத்துக்கு முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நூறு வருடம் கழித்து, 1989-இல் பாரிஸைச் சேர்ந்த ழாக் லாஸ்கர் கணினியில் இதைச் சூரிய மண்டலத்துக்கே போட்டுப் பார்த்தார். பூமி இன்று இருக்கும் இடத்தைக் குறிப்பதில் 15 மீட்டர் பிழை என்று வையுங்கள், ஒரு வீட்டு மனையின் நீளம். ஒரு கோடி ஆண்டுக்குப் பிறகு அது 150 மீட்டர் பிழையாகும். பரவாயில்லை. ஆனால் பத்துக் கோடி ஆண்டில் அது 15 கோடி கிலோமீட்டர். அதாவது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள மொத்த தூரம். பூமி தன் பாதையில் எந்தப் பக்கம் இருக்கும் என்றே சொல்ல முடியாது. 2009-இல் அவரும் ஒரு சக ஆய்வாளரும் 2501 முறை 500 கோடி ஆண்டுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் புதன் கோளின் தொடக்கத்தில் வைத்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுமார் நூற்றில் ஒரு ஓட்டத்தில் புதனின் பாதை மோதல் நடக்கும் அளவுக்கு நீண்டு குலைந்தது.

ஆக நியூட்டனின் பயம் முழுக்கத் தவறில்லை. லாப்லாஸ் நினைத்த அளவுக்குச் சூரிய மண்டலம் பத்திரமானதும் இல்லை. இங்கே அறிவியலுக்கு நிஜமான ஓர் எல்லை இருக்கிறது. நாளைக்கு இன்னும் நல்ல கணினி வந்தால் போய்விடுகிற எல்லை இல்லை இது. கணிதத்திலேயே இருக்கிற வேலி. உங்கள் அப்பா தேடிய மாதிரியான இடம்.

இந்த இடத்துக்குக் கடவுள் திரும்பி வந்தாரா? வரவில்லை. நம்புகிற விஞ்ஞானிகளும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. 'பத்துக் கோடி ஆண்டுக்கு அப்பால் கணக்குப் போட முடியாது, ஆகவே அங்கே கடவுள் தள்ளுகிறார்' என்று அவர்களில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஏனென்றால் இந்த வேலி எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதை எல்லாம் கண்டுபிடித்துச் சொன்னதே அந்தக் கணக்குதான். 'எனக்குத் தெரியாது' என்பதற்கும், 'இதற்கு மேல் யாராலும் தெரிந்துகொள்ள முடியாது, காரணம் இதோ' என்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். இரண்டாவது சொல்லவும் அறிவு வேண்டும்.

இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வாதம் தீர்ந்துவிடும். எல்லை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் வேறுவேறு சங்கதிகளைப் பேசுகிறோம். சில எல்லைகள் இன்றைக்கு மட்டும்தான் எல்லை. ஆகுஸ்த் கோம்த் என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞர், அறிவியலைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர், நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை எந்த வழியிலும் அறிய முடியாது என்று 1835-இல் எழுதினார். அங்கே போய் எடுத்து வர முடியாதே, நியாயமான பேச்சுதான். அவர் 1857-இல் இறந்தார். 1859-இல் கிர்க்காஃபும் புன்சனும் ஒளியைப் பிரித்துப் பார்த்தே தனிமங்களை அடையாளம் காணும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1868 ஆகஸ்ட் 18-இல் முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்து குண்டூரில் ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்ஸன். அந்தக் கிரகணத்தைத் தொடர்ந்து நடந்த ஆய்வுகளில், பூமியில் தெரிந்த எந்தப் பொருளோடும் ஒத்துப்போகாத ஒரு மஞ்சள் கோடு உறுதியானது. ஹீலியம். சூரியனில் முதலில் கண்டுபிடித்து, 1895-இல்தான் பூமியில் பிரித்தெடுத்தார்கள். முடியவே முடியாது என்று சொல்கிறவர் அறிவியலின் ஆதரவாளராகவே இருந்தாலும் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும் என்பதற்கு எங்கள் பகுதியிலேயே கிடைக்கும் சாட்சி இது. பதினொன்றாம் வகுப்பில் வருடா வருடம் சொல்வேன்.

இன்னொரு வகை எல்லை, அறிவியலின் வேலையே இல்லாத கேள்விகள். வயதான தாயை யார் வைத்துக்கொள்வது, பொய் சொல்லி ஒருவனைக் காப்பாற்றலாமா, சாவுக்குப் பயப்படாமல் எப்படி இருப்பது. இவற்றுக்குத் தராசும் அளவுகோலும் உதவாது. தகவல் தரும், முடிவு தராது. இதை ஒப்புக்கொள்ள நாத்திகர் ஏன் தயங்க வேண்டும்? ஆனால் இந்தக் கேள்விகளுக்கு மதம் மட்டுமே சொந்தக்காரன் என்பதும் சரியில்லை. திருக்குறளில் கடவுள் வாழ்த்து ஓர் அதிகாரம்தான்; மற்ற பெரும்பாலான குறள்களை ஒரு நாத்திகன் ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம்.

கோடல் என்ற கணிதரின் தேற்றத்தை யாராவது இந்த வாதத்தில் இழுத்தால் கவனமாக இருங்கள். எண்கணிதம் அடங்கிய எந்த முறையான அமைப்பிலும், முரண்பாடு இல்லாதிருந்தால், நிரூபிக்கவோ மறுக்கவோ முடியாத கூற்று இருக்கும் என்றார் அவர். கணிதத்தைப் பற்றிய ஆழமான உண்மை. கடவுளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கோடல் கடவுளை நம்பியவர். கடவுளுக்கென்று தனியாக ஒரு நிறுவலே எழுதிவைத்தார். ஆனால் அதற்கு அந்தத் தேற்றத்தைத் துணைக்கு அழைக்கவில்லை.

பெருவெடிப்பு விஷயத்தில் இதைவிட அழகான நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-இலும், அது ஓர் ஆதி அணுவில் தொடங்கியது என்று 1931-இலும் எழுதிய ஜார்ஜ் லெமெத்ர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் ஆற்றிய உரையில், படைப்பு என்ற மதக் கருத்துக்கு இந்தக் கோட்பாடு சான்று சொல்வதுபோலப் பேசினார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர் லெமெத்ர். அவர் சங்கடப்பட்டார். இது அறிவியல் கருதுகோள், நாளைக்கு மாறலாம், இதன் மேல் விசுவாசத்தைக் கட்டக் கூடாது என்பது அவர் நிலை. போப்பின் அறிவியல் ஆலோசகரோடு பேசினார். அடுத்த ஆண்டு வானியலாளர்கள் முன் பேசியபோது போப் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்தக் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது, கடவுளை மறுக்கிறவருக்கும் இதில் இடம் உண்டு என்று பின்னாளில் லெமெத்ர் எழுதினார். இவ்வளவு நேர்மையான ஒரு பாதிரியாரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நெகிழும்.

சரி, அறிவியலில் சாய்ந்துகொள்ளாவிட்டால் கடவுள் மறுப்பு எதில் நிற்கிறது?

நம் மண்ணில் அது அறிவியலுக்கு வெகுகாலம் முன்பே நின்றிருக்கிறது. உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதைச் சமணமும் பௌத்தமும் ஏற்கவில்லை. தொலைநோக்கி இல்லாத காலத்து மறுப்பு அது. இருபதாம் நூற்றாண்டில் 1925 வாக்கில் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் மறுப்பும் முதலில் ஆய்வகத்திலிருந்து வரவில்லை. கோயில் தெருவில் நடக்கக் கூடாது, கருவறைக்குள் வரக் கூடாது என்று ஒரு மனிதனைத் தள்ளிவைத்துவிட்டு அதற்குக் கடவுளைக் காரணம் காட்டினார்களே, அந்தக் கோபத்திலிருந்து வந்தது. பெரியாரின் கேள்விகளில் பெரும்பாலானவை நியாயத்தைப் பற்றியவை. பெருவெடிப்புக் கோட்பாடு நாளைக்கே தவறென்று ஆனாலும் அந்தக் கேள்விகள் அப்படியே இருக்கும்.

மணிமேகலையில் ஒரு காட்சி இருக்கிறது. வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டு வருகிறாள். கடைசியில் பூதவாதி, நிலம், நீர் போன்ற பூதங்கள்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்கிறவன். ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் சேர்த்து ஊறவைத்தால் கள்ளில் போதை பிறப்பது போல, பூதங்கள் சேர்வதில் உணர்வு பிறக்கிறது என்கிறான். (நூலில் தாதகிப் பூ என்று இருக்கிறது, ஆத்தி என்று உரை சொல்கிறது.) கண்ணால் காண்பதுதான் சான்று, அனுமானம் செல்லாது, மறுபிறப்பு கிடையாது என்பது அவன் கட்சி. தனக்கு முற்பிறப்பு நினைவிருக்கிறது என்று அவள் சொல்ல, அது மயக்கமாகவோ கனவாகவோ இருக்கலாம் என்கிறான். அதற்கு அவள் கேட்ட கேள்வி: உன் தாய் தந்தை இவர்கள்தான் என்று அனுமானத்தால் அல்லாமல் வேறு எதனால் அறிவாய்?

பூதவாதி என் கட்சிக்காரன். ஆனாலும் இந்த இடத்தில் மணிமேகலை ஜெயித்தாள் என்றே நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்தால்தான் நம்புவேன் என்று ஒருவரும் வாழ முடியாது. எலக்ட்ரானை நான் பார்த்ததில்லை. அதை ஏற்பது அனுமானத்தால். 'கடவுளைக் கண்ணால் காட்டு' என்று கேட்கிற நாத்திகர் எளிதாகத் தோற்றுப்போவார். கேட்க வேண்டியது வேறு: நீங்கள் சொல்கிற அனுமானத்தை எப்படிச் சரிபார்ப்பது? தவறாக இருந்தால் அது தவறு என்று எப்படித் தெரியவரும்?

ராமானுஜனைச் சொல்லி மடக்கப் பார்ப்பார்கள். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள் என்று அவரே சொல்லியிருக்கிறார், அறிவியல் இதை விளக்குமா என்பார்கள். ஒரு மனதில் அப்படிப்பட்ட கணிதம் எப்படித் தோன்றியது என்பதை இன்றுவரை யாரும் விளக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் 1913-இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றிச் சொன்னவற்றில் சில தவறாக இருந்தன. அதே மனம், அதே பக்தி. சிலது அற்புதமான உண்மை, சிலது பிழை. எது எது என்று பிரித்துக் காட்டியது நிரூபணம் மட்டும்தான். ஹார்டி தீவிரமான நாத்திகர். எல்லா மதங்களும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மையாகவே தோன்றுகின்றன என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாக அவர் எழுதியிருக்கிறார். ஒரே மேசையில் இருவரும் வேலை செய்ய முடிந்தது.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது.

எனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு வந்தது. அம்மா ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் நனைத்த துணியில் முடிந்து, சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டார். சமயபுரத்தாளுக்கு. டாக்டர் குளோரோமைசெட்டின் மாத்திரை கொடுத்தார். பிழைத்தேன். கல்லூரிக்குப் போய் நாலு புத்தகம் படித்த பிறகு ஒருநாள், "மருந்துதானம்மா காப்பாத்துச்சு, காசு இல்ல" என்றேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தாமலே, "மருந்து வேலை செய்யணும்னுதான்டா முடிஞ்சேன்" என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. இதை எந்த ஆய்வகத்தில் சோதிப்பது? மருந்து பலித்தாலும் அம்மன் அருள், பலிக்காவிட்டாலும் அம்மன் சித்தம். அறிவியலின் எல்லை எங்கே இருக்கிறது என்று நான் முதலில் பார்த்தது அந்த முறத்துக்கு முன்னால்தான்.

பின்னால் 2011-இல் எனக்குப் பைபாஸ் நடந்தது. அதற்கு ஐந்து வருடம் முன் வெளியான ஒரு ஆய்வை நான் படித்திருந்தேன். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்ட 1802 பேர். ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவர் தலைமை. மூன்று கிறிஸ்தவப் பிரார்த்தனைக் குழுக்களிடம் நோயாளியின் பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் கொடுக்கப்பட்டன. அறுவைக்கு முந்தைய இரவிலிருந்து பதினான்கு நாள் பிரார்த்தனை. பிரார்த்தனை நடக்குமா நடக்காதா என்று தெரியாதவர்களில், நடந்தவர்களுக்கு 52 விழுக்காடும் நடக்காதவர்களுக்கு 51 விழுக்காடும் சிக்கல்கள் வந்தன. வித்தியாசம் இல்லை. உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறோம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு 59 விழுக்காடு.

நாத்திகர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பிரார்த்தனை 'நடக்காத' அணியிலும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் தாயோ மனைவியோ வேண்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அதை யார் தடுக்க முடியும்? தன்னைச் சோதிக்க விரும்பாத கடவுள் என்று ஒருவர் சொன்னால் அதற்கும் இந்த ஆய்வில் பதில் இல்லை. முன்பின் தெரியாதவர்களின் பிரார்த்தனை அறுவைச் சிக்கலைக் குறைக்கும் என்ற குறிப்பான கூற்று மட்டும் தேறவில்லை. சோதிக்கக்கூடிய வடிவத்தில் வந்த கூற்றைச் சோதித்தார்கள். அவ்வளவுதான் அறிவியலால் முடியும்.

என் அறுவைக்கு முந்தைய நாள் அம்மா மறுபடி ஒரு காசு முடிந்தார். மறுநாள் மயக்க மருந்து கொடுத்தார்கள். பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை நினைவிருக்கிறது. 1846-இல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் அறுவை செய்து காட்டியதிலிருந்து மயக்க மருந்து புழக்கத்தில் இருக்கிறது. எந்த மருந்து நரம்பணுவில் எங்கே ஒட்டுகிறது என்று நிறையத் தெரியும். ஆனால் 'நான் இருக்கிறேன்' என்ற உணர்வு அந்த ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் எப்படி அணைந்தது என்பது முழுமையாகத் தெரியாது, ஏனென்றால் அந்த உணர்வு எப்படி எரிகிறது என்பதே தெரியாது. பூதவாதியின் கள் உவமை இன்னும் உவமையாகவேதான் இருக்கிறது. இதை நாத்திகனாகிய நான் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறேன். இது கோம்த் சொன்ன நட்சத்திரம் மாதிரி ஒருநாள் தீருமா, லாஸ்கர் கண்ட வேலி மாதிரி நின்றுவிடுமா என்பது எனக்குத் தெரியாது.

அப்படியானால் நான் ஏன் நம்பவில்லை? டைபாய்டு வந்த அதே மாதம் எதிர்வீட்டுப் பையனுக்கும் வந்தது. என் வயது. ஒன்றாகக் கோலி ஆடியவன். அவன் அம்மாவும் காசு முடிந்தார். அதே சமயபுரத்தாளுக்கு, என் அம்மா நனைத்து மீந்த துணியைக் கிழித்துத்தான் வாங்கிப் போனார். அவன் பிழைக்கவில்லை. என் காசு போய்ச் சேர்ந்தது, அவன் காசு போய்ச் சேரவில்லையா? ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கர்மம் என்று சொன்னார்கள், சோதனை என்று சொன்னார்கள், அவள் கணக்கு நமக்குத் தெரியாது என்று சொன்னார்கள். எதுவும் எனக்கு ஒப்பவில்லை. இந்தக் காரணத்தில் இயற்பியல் ஒரு துளியும் இல்லை. அறிவியலின் எல்லை நாளைக்குப் பத்து மடங்கு குறுகினாலும் விரிந்தாலும் இது அசையாது.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். அப்பாவிடம் அதைச் சொல்லுங்கள். 'அறிவியலுக்கு எல்லை உண்டு, நீங்கள் சொன்னது சரி' என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் அவர் ஏன் நம்புகிறார் என்று கேளுங்கள். அவரும் அறிவியலின் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு நம்ப ஆரம்பித்தவராக இருக்க மாட்டார்; எங்கோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தா, ஒரு கடன், ஒரு பிரசவம் இருக்கும். அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள்.

அம்மா 2014-இல் போய்விட்டார். மூட்டுவலியால் கடைசி வருடங்களில் அவரால் சமயபுரம் போக முடியவில்லை. பெட்டியைத் திறந்தபோது புடவைகளுக்கு அடியில் அந்த மஞ்சள் துணி இருந்தது, எனக்குப் பைபாஸ் நடந்தபோது முடிந்தது. திருச்சிக்கு பஸ் ஏறிப் போய், வெயிலில் வரிசையில் நின்று, முடிச்சை அவிழ்க்காமல் உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன்.